கடற்சிங்கத்தைச் சுட்டால் சால்மன் பெருகுமா? (கொத்மலை நீர்நாய் விஷயமும் இதிலேயே)

ஜனவரி 11, கொத்மலைத் தம்பி கேட்டது:
"அமெரிக்காவில் கொலம்பியா ஆற்று அணைக்கட்டுக்குக் கீழே கடற்சிங்கங்கள் சால்மன் மீனைப் பிடித்து உதறி உதறித் தின்கிற வீடியோ பார்த்தேன். அதுகளைப் பிடித்துக் கொல்ல அங்கே அரசாங்கமே அனுமதி கொடுத்திருக்கிறது. கொல்லத் தொடங்கியதும் மீன் கூடியதாம். எங்கள் தோட்டத்துக் குளத்தில் போன வருடம் விட்ட மீன்குஞ்சில் பாதிக்கு மேல் காணோம். கரையில் நீர்நாய்த் தடம் இருக்கிறது. கண்ணி வைக்கலாம் என்று பொடியன்கள் சொல்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஜனவரி 11, இரவு
கண்ணி மட்டும் வேண்டாம் தம்பி. மற்றதைப் பிறகு பேசலாம். நான் மஸ்கெலியாக்காரன். 2020 மே மாதம் நல்லதண்ணியில் மரக்கறித் தோட்டத்துக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியது. மயக்க ஊசி போட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துப்போனது. கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது, நீர்நாய் எது என்று தெரியாது. நீர்நாயும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணிதான். பொடியன்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஜனவரி 12
சால்மன் பற்றி எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "தாத்தா, கடற்சிங்கம் டின்னை எப்படி உடைக்கும்?" என்று கேட்டான். அவன் கேட்டது நியாயம். நம் கடையில் "செமன் டின்" என்று கேட்டால் தருவதைத்தான் அவன் சால்மன் என்று நினைத்திருக்கிறான். டின்னுக்குள் பெரும்பாலும் இருப்பது கானாங்கெளுத்தி மாதிரியான வேறு மீன். பெயர் மட்டும் அந்தக் காலத்து இறக்குமதியோடு வந்து ஒட்டிக்கொண்டது. நிஜச் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிட அதே ஆற்றுக்குத் திரும்பி வரும். முட்டையிட்டதும் செத்துவிடும். அதன் கதை முழுக்க இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. அதைத் தின்கிறவர்களின் கதையும் அப்படியே.

ஜனவரி 13
தம்பியின் கேள்விக்கு வருகிறேன். "பாதி மீனைத் தின்றுவிட்டது" என்று கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் எந்த வயதில் தின்றது என்று கேட்காமல் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை.

பெரிய இனச் சால்மன் ஒரு பெட்டை நான்காயிரம் முட்டை இடும் என்று வையுங்கள். அதில் இரண்டே இரண்டு வளர்ந்து திரும்பி வந்தால் போதும், இனம் குறையாது. மீதி 3,998 எப்படியோ போகிறதுதான். வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், சேறு மூடும், மற்ற மீன் தின்னும், பறவை தின்னும், பசியில் சாகும். இவர்களில் ஒருவரை நிறுத்தினால் அந்தப் பங்கை இன்னொருவர் எடுத்துக்கொள்வார். பறவை தின்னாத குஞ்சு, இரை போதாமல் அடுத்த மாதம் செத்திருக்கலாம்.

நுவரெலியாப் பக்கம் லீக்ஸ் போடுகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். நாற்றங்காலில் நூறு நாற்று போனால் யாரும் தலையில் கை வைப்பதில்லை. எப்படியும் கொஞ்சம் கூடுதலாகத்தானே விதைக்கிறோம். அதே ஆள், நாளைக்கு லொறி வரவேண்டிய பாத்தியில் இரவு பன்றி இறங்கினால் என்ன பாடுபடுவார்! அந்தச் செடியில் ஐந்து மாத உரமும் கூலியும் தூக்கமும் இருக்கிறது.

கடற்சிங்கம் தின்பது லொறிக்குக் காத்திருக்கும் லீக்ஸை. கடலில் இரண்டு மூன்று வருடம் தப்பிப் பிழைத்து, வயிறு நிறைய முட்டையோடு வீடு திரும்புகிற மீனை. அதனால் தம்பி பார்த்த வீடியோவில் பயப்பட விஷயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஏன் அந்த இடத்தில் நின்று தின்கிறது என்பது வேறு கேள்வி.

ஜனவரி 15
கொலம்பியா ஆற்றில் உள்ள பொன்னவில் அணை, கடலிலிருந்து சுமார் 235 கிலோமீட்டர் உள்ளே. கட்டி முடித்தது 1938இல். அதுவரை ஆற்றின் அகலம் முழுக்கப் பரந்து மேலேறிய மீன், அதற்குப் பிறகு சில மீன் ஏணிகளின் (மீன் அணையைத் தாண்டி ஏறக் கட்டிய நீர்ப்படிகள்) வாசலைத் தேடிச் சுவரடியில் முட்டிமோதி நிற்கவேண்டியதாயிற்று. நம் ஊரில் கோவில் திருவிழா முடிந்து ஒரே ஒரு பஸ் வந்தால் வாசற்படியில் சனம் எப்படி நிற்கும், அப்படி.

கடற்சிங்கத்துக்கு மூளை இருக்கிறது. ஒருமுறை அந்த வாசலைக் கண்ட கிழட்டு ஆண் அடுத்த வருடமும் வரும், கூடவே இன்னொன்றும் வரும். 1972ஆம் ஆண்டுச் சட்டம் கடற்பாலூட்டிகளைக் காப்பாற்றியதால் அதுகளின் எண்ணிக்கையும் ஏறியது. சட்டம் சரி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் மீன் தேய்ந்தது, மறுபக்கம் தின்கிறது வளர்ந்தது, நடுவில் நாம் கட்டிய சுவர். 2018இல் சட்டத்தைத் திருத்தி, அந்த ஆற்றில் கடற்சிங்கத்தைப் பிடித்துக் கொல்லும் அனுமதியை எளிதாக்கினார்கள். தம்பி சொன்னது அதைத்தான்.

அணையில் வேலை செய்கிறவர்கள் கண்ணால் பார்த்து எண்ணிய கணக்கில், சுவரடியில் தின்னப்பட்டது வசந்தகாலத்தில் திரும்பி வந்த மீனில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்று எனக்குத் தோன்றுகிறது. அணையும் சுழலியும் சூடேறிய நீர்த்தேக்கமும் காடழிப்பும் அதிகப்படியான பிடிப்பும் செய்த வேலைக்கு, மீசை வைத்த ஒரு பிராணி படத்தில் மாட்டிக்கொண்டது.

ஜனவரி 16
மேலே எழுதியதில் ஒரு திருத்தம், ஓர் ஒப்புதல்.

திருத்தம்: முட்டையிட்டதும் செத்துவிடும் என்று எழுதினேன். பசிபிக் சால்மன் இனங்கள் பெரும்பாலும் அப்படித்தான். அத்திலாந்திக் சால்மனில் சில தப்பி, கடலுக்குப் போய் இன்னொரு முறை வரும். ஸ்டீல்ஹெட் என்கிற மீனும் அப்படித் திரும்பி வரும்.

ஒப்புதல்: நுவரெலியா அக்கா ஒருவர் "ஒற்றை இலக்கம் என்று சொல்லித் தப்பாதீர்கள், சியாட்டிலைப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. சியாட்டில் நகரத்து பல்லார்ட் மதகில் 1980களில் சில கடற்சிங்கங்கள் வந்து மீன் ஏணிக்கு முன்னால் நின்றன. அதில் ஒன்றுக்கு ஹெர்ஷல் என்று செல்லப்பெயரே வைத்தார்கள். தின்றது குளிர்கால ஸ்டீல்ஹெட்டை. பட்டாசு போட்டார்கள், ரப்பர் குண்டு அடித்தார்கள், தூரத்தில் கலிபோர்னியாவில் கொண்டுபோய் விட்டார்கள். விட்டது நீந்தித் திரும்பி வந்தது. கண்ணாடியிழையில் பொய்க் கொலைத் திமிங்கலம் ஒன்று செய்து மிதக்கவிட்டார்கள், அதற்கும் பயப்படவில்லை. ஆயிரக்கணக்கில் வந்த மீன் 1990களின் நடுவில் நூறுக்கும் கீழே இறங்கியது. 1996இல் மூன்று கடற்சிங்கங்களைப் பிடித்து நிரந்தரமாகக் காட்சிசாலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அந்த மீன் மீண்டு வரவில்லை.

இந்தக் கதையை இரண்டு விதமாகவும் படிக்கலாம். "கடற்சிங்கம் போயும் மீன் வரவில்லை, எனவே குற்றவாளி வேறு" என்று ஒருவர் சொல்லலாம். "காலம் கடந்து செய்தார்கள், அதனால் வரவில்லை" என்று இன்னொருவர் சொல்லலாம். நான் முதலாவது பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நேற்று இரவு முழுக்க யோசித்தபிறகு இரண்டும் சேர்ந்துதான் என்று படுகிறது. மீன் இலட்சத்தில் இருக்கும்போது நூறு தின்றால் அது சாப்பாடு. ஐந்நூறு மட்டும் மிஞ்சியிருக்கும்போது அதே நூறைத் தின்றால் அது கொள்ளி. தின்கிறது மாறவில்லை, மீன் மாறிவிட்டது.

ஜனவரி 17
இன்னொன்று விட்டுப்போயிற்று. அணையடியில் கண்ணால் எண்ணியது மட்டும்தான் ஒற்றை இலக்கம். கழிமுகத்திலிருந்து அணை வரைக்குமான நீண்ட தூரத்தில், மீனுக்கு மின்னணு அடையாளச் சில்லு வைத்துப் பார்த்தபோது இழப்பு அதைவிட மிகக் கூடுதலாக இருந்தது, முக்கியமாகப் பருவத்தின் தொடக்கத்தில் வருகிற மீனுக்கு. தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் பாலத்தில் நின்று எண்ண முடியாது. 15ஆம் திகதிக் குறிப்பை இதோடு சேர்த்துப் படியுங்கள். அதை அழிக்காமல் விடுகிறேன்.

ஓரிகனில் வில்லாமெட் அருவியடியில் 2018 கடைசியில் தொடங்கி முப்பதுக்கு மேற்பட்ட கடற்சிங்கங்களை அகற்றினார்கள். அதற்குப் பின் ஸ்டீல்ஹெட் வரவு ஏறியது. தம்பி கேட்டது இதுவாகத்தான் இருக்கும். அங்கே அது பலித்தது. இதை நான் மனமில்லாமல்தான் எழுதுகிறேன், ஆனாலும் உண்மை.

ஜனவரி 19
"அப்படியென்றால் கொல்வது சரியா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு பறவைக் கதை சொல்கிறேன்.

கொலம்பியா ஆற்றின் கழிமுகத்தில் ரைஸ் ஐலண்ட் என்று ஒரு தீவு. கப்பல் பாதைக்காக ஆற்றைத் தோண்டிய மணலைக் கொட்டிக் கொட்டி உண்டான தீவு. மரமில்லாத வெறும் மணல், ஆலா என்கிற மீன் தின்னும் நீர்ப்பறவைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. 1990களின் கடைசியில் உலகத்திலேயே பெரிய காஸ்பியன் ஆலாக் கூட்டம் அங்கே கூடு கட்டியது. கடலுக்கு இறங்குகிற சால்மன் குஞ்சுகளை வருடத்துக்குப் பல இலட்சம் என்று விழுங்கியது. யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. அந்தத் தீவில் புல் வளரவிட்டு, கடலுக்கு இன்னும் கிட்ட உள்ள ஈஸ்ட் சாண்ட் ஐலண்டில் மணலைத் துப்புரவாக்கிக் கொடுத்தார்கள். பறவை இடம் மாறியது. அங்கே கடல் மீன் நிறையக் கிடைத்ததால் அதன் சாப்பாட்டில் சால்மனின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கியது. எனக்கு இதில் பெரிய சந்தோஷம்.

அதே தீவில் பிறகு நீர்க்காகம் பெருகியது. 2015 முதல் அதைச் சுட்டார்கள், முட்டையில் எண்ணெய் தடவினார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. பறவைகள் தீவை விட்டுவிட்டு ஆற்றின் மேற்பக்கம் அஸ்டோரியாப் பாலத்துக்குக் குடிபோயின. பாலத்தடியில் கடல் மீன் குறைவு, சால்மன் குஞ்சுதான் கையருகில். ஒவ்வொரு பறவையும் முன்னைவிடக் கூடுதலாகச் சால்மன் தின்னத் தொடங்கியது.

இரண்டும் ஒரே ஆறு, ஒரே தீவு. ஒன்றில், தின்கிறதுக்கு வேறு சாப்பாடு கிடைக்கிற இடத்தைக் காட்டினார்கள். மற்றதில் அடித்துத் துரத்தினார்கள்.

ஜனவரி 25
நேரில் பார்த்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. 2022 ஒக்டோபரில் தங்கச்சி குடும்பத்தோடு கனடாவில் அடம்ஸ் ஆற்றுக்குப் போனேன். நான்கு வருடத்துக்கு ஒருமுறை அங்கே சொக்கைச் சால்மன் பெருவரவு.

முதலில் மணம்தான். மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றி, பழைய மஸ்கெலியாக் கோவில் வெளியே தெரிகிற நாட்களில் சேற்றில் மீன் செத்துக் கிடக்குமே, அதே மணம். அப்புறம் நிறம். உடம்பு செவ்வரத்தம்பூச் சிவப்பு, தலை மட்டும் பச்சை. முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு பெட்டை சரிந்து படுத்து வாலால் கூழாங்கல்லை அடித்தது. வால் தோல் உரிந்து வெள்ளையாகியிருந்தது. குழி ஆனதும் ஆண் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இரண்டும் வாயைத் திறந்து நடுங்கின. பிறகு பெட்டை கொஞ்சம் மேலே போய் அடித்த கல் உருண்டு வந்து முட்டையை மூடியது.

மூடுவதற்குள் சில முட்டை நழுவி ஓடையோடு போயிற்று. கீழே நான்கைந்து மீன் காத்திருந்தன, சின்னது, பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கோடு. உருண்டு வரும் முட்டையை ஒவ்வொன்றாக விழுங்கின. கரையில் செத்துக்கொண்டிருந்த ஒரு மீனின் கண்ணைக் கடற்காகம் கொத்தியது. தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ கால் நகரவில்லை. அவ்வளவு பேர் தின்றும் ஆறு சிவப்பாகத்தான் இருந்தது.

அந்தப் பக்கத்துக் கரையோரக் காடுகளில் கரடி மீனைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் தின்னும். மீன் நிறைய இருக்கிற நாளில் மூளையையும் முட்டையையும் மட்டும் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிடும். அந்த மீதி மண்ணுக்குள் போய், கடலில் இருந்து வந்த நைதரசன் மரத்துக்குள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். கரடி இல்லாவிட்டால் அந்த உரத்தை மேட்டுக்கு யார் சுமப்பது?

பிப்ரவரி 2
அந்த இளஞ்சிவப்புக் கோடு போட்ட மீனை எங்கே பார்த்தேன் என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்தது. ஹோட்டன் சமவெளியில்!

அது வானவில் டிரவுட். வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் போடுவதற்கென்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து நம் மலை ஓடைகளில் டிரவுட்டைக் கொண்டுவந்து விட்டார்கள். 1989 வரை வானவில் டிரவுட்டை வேறு பேரினப் பெயரில் வைத்திருந்தார்கள். பிறகுதான் பசிபிக் சால்மன் சாதியோடு சேர்த்தார்கள். கடலுக்குப் போய்வரும் வானவில் டிரவுட்டுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். ஆக, சியாட்டிலில் ஹெர்ஷல் தின்ற மீனும் ஹோட்டன் சமவெளி ஓடையில் இருப்பதும் ஒரே இனம்.

அங்கே அது பலி, இங்கே அது கொல்லி. ஹோட்டன் சமவெளி ஓடைகளில் மட்டுமே வாழ்கிற ஒரு சின்ன நன்னீர் இறால் இருக்கிறது, உலகத்தில் வேறெங்கும் இல்லை. டிரவுட் அதைத் தின்கிறது என்பது நம் விஞ்ஞானிகளுக்கு நீண்டகாலக் கவலை. அந்த இறாலுக்கு இப்படி ஒரு வாயைப் பற்றிப் பழக்கமே கிடையாது. சால்மனும் கரடியும் ஆயிரமாயிரம் வருடம் ஒன்றாய் வளர்ந்ததால் ஒன்றின் பசியை மற்றது தாங்கும். நம் இறாலுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. இதற்காக அழ ஒருவரும் வீடியோ எடுப்பதில்லை. எனக்கு அது மிகவும் வருத்தம்.

பிப்ரவரி 3
"அப்போ டிரவுட்டுக்கு மட்டும் தூண்டில் போடலாமா மாமா?" என்று ஒரு பிள்ளை. அது தேசியப் பூங்கா மகள், ஓடையில் கையே வைக்கக்கூடாது.

பிப்ரவரி 9
இன்றைக்குத்தான் தம்பிக்கு உருப்படியான பதில்.

பல வருடத்துக்கு முன் எங்கள் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் நாங்களும் குளத்தில் மீன் விட்டோம். திலாப்பியாவும் கெண்டையும் மூவாயிரம் குஞ்சு, பொலித்தீன் பையில் பஸ்ஸில் தூக்கிவந்தோம். ஒரு மாதத்தில் நீர்க்காகம் வந்தது. ஒலிநாடா கட்டினோம், தீபாவளிக்கு மிஞ்சிய வெடி போட்டோம், பொடியன்கள் முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். அறுவடைக்கு இறங்கினால் இரண்டு பக்கெட்கூட நிரம்பவில்லை. எல்லோரும் காகத்தைத் திட்டினோம், நானும்தான்.

பொன்னவில் அணையைப் பற்றி எழுதியபோதுதான் அந்தப் பறவைகள் நின்ற இடம் ஞாபகம் வந்தது. அவை குளத்தின் நடுவில் நின்றதில்லை. தண்ணீர் வழிந்து போகிற சீமெந்துக் கானின் வாயில் வரிசையாக நின்றன. மழை நாளில் குஞ்சு ஓட்டத்தோடு அங்கே வந்து குவியும். கானின் அகலம் இரண்டு அடி, ஒளிய ஒரு கல்லும் இல்லை. பறவை குனிந்து எடுத்தால் போதும். பறவை எடுக்காததும் கானோடு பள்ளத்துக்குப் போய், தேயிலைக்கு மருந்து அடித்த தண்ணீரோடு கலந்திருக்கும்.

மறு வருடம் வேறு காரணத்துக்காக, குப்பை அடைக்கிறது என்று, கான் வாயில் வலைக் கம்பி அடித்தோம். கரையில் வெட்டிய மூங்கில் கொப்புகளை எரிக்கச் சோம்பல்பட்டு அப்படியே குளத்துக்குள் தள்ளிவிட்டோம். அந்த முறை தைப்பொங்கலுக்கு லயத்து வீட்டுக்கு ஒரு கிலோவாவது கொடுக்க முடிந்தது. நீர்க்காகம் அப்போதும் வந்தது, தினமும் வந்தது. இவ்வளவு காலம் மீன் அதிகம் கிடைத்ததற்கு நல்ல மழைதான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

தம்பி, மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் குளத்தின் வழிவாய்க்கு வலை இருக்கிறதா? குஞ்சு ஒளியக் கொப்போ கல்லோ இருக்கிறதா? நீர்நாய் எச்சம் கரைக் கல்லில் கிடக்கும், காய்ந்ததை ஒரு குச்சியால் பிரித்தால் என்ன தெரிகிறது?

பிப்ரவரி 14
தம்பி தொலைபேசியில் பேசினார். எச்சம் முழுக்க நண்டு ஓடாம். சிவப்பும் பழுப்புமாய்ச் சின்னச் சின்னத் துண்டு, நடுவில் இரண்டு மீன் செதிள். நம் மலை ஓடைப் பக்கம் நான் பிரித்துப் பார்த்ததும் பெரும்பாலும் அப்படியே. ஒரே எச்சத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், இன்னும் பத்துப் பதினைந்து பார்க்கச் சொன்னேன். கண்ணிக் கம்பியைப் பொடியன்கள் சுருட்டி வைத்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 23
படம் வந்தது. வழிவாய் நான் நினைத்ததைவிட மோசம், ஆறு அங்குலக் குழாய், திறந்த வாய், கீழே ஐந்தடி வீழ்ச்சி. கீழே உள்ள குட்டையில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். விரல் நீளத்தில் அவர்களுடைய கெண்டைக் குஞ்சு முப்பத்தெட்டு, உயிரோடு. வாளியில் மேலே தூக்கிக்கொண்டு போகிற படமும் அனுப்பியிருக்கிறார், எல்லோரும் சேற்றோடு சிரிக்கிறார்கள். குழாய்க்குக் கோழிக் கூட்டு வலை கட்டியிருக்கிறார்கள். அதன் கண் பெரிது, குஞ்சு புகுந்துவிடும். அதற்கு உள்ளே நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக வைத்து, வாரத்துக்கு ஒருமுறை சருகு தட்டச் சொல்லியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை நானும் கொத்மலைக்குப் போகிறேன்.